ஏலம் விட வராத தோழிக்கு

அடியே,

அக்கரைப்பேட்டைக் கரையில் நேற்று ஒரு கூறு நெத்திலி எடுக்க நின்றேன். ஏலம் விட்டவர் விலையை வாய்க்குள்ளேயே முணுமுணுத்து முடித்துவிட்டார். நீ இருந்திருந்தால் விட்டிருப்பாயா? ஆறாம் வகுப்பிலேயே "ஒருதரம்... ரெண்டுதரம்..." என்று நீ குரலை இழுத்தால் வலை பிரிக்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். பெரியவளாகி ஏலம் விடுவேன் என்பாய். பொம்பளையா ஏலம் விடுவாள் என்று உன் அப்பாயி சிரிக்கும். நான் நம்பினேன்.

2004 டிசம்பர் 26. அரையாண்டு லீவு. நான் திருவாரூரில் அத்தை வீட்டில் இருந்தேன். உன்னையும் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மீன் நன்றாக விற்கும், அம்மாவோடு கரைக்குப் போகணும் என்று நின்றுகொண்டாய்.

சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் நிலம் நடுங்கியபோது நமக்குக் காலை 6.29. தண்ணீர் நம் கரையேறியபோது மணி ஒன்பதை ஒட்டி. நடுவில் இரண்டரை மணி நேரம்டி. அதற்குள் நீ பல் விளக்கியிருப்பாய், பழையது சாப்பிட்டிருப்பாய், கூடையைத் தேடியிருப்பாய். "ஓடு" என்று சொல்ல ஒரு குரல் போதும். இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது சுனாமி எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. ஐதராபாத்தில் அதற்கு மையம் வந்தது 2007-இல். அதைப் படித்த அன்று எனக்கு ஆறுதல் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். வருஷாவருஷம் கடலில் பாலூற்றுகிறோம். செத்தவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. நீ விடாமல் போன ஏலங்களுக்கு? உன் கல்யாணத்துக்கு நான் சண்டை போட்டு வாங்கியிருக்க வேண்டிய சேலைக்கு? பேச ஆரம்பித்தால், இத்தனை வருஷம் ஆச்சே என்கிறார்கள். வருஷம் ஆக ஆகத்தானே நீ இழந்தது கூடிக்கொண்டே போகிறது.

உன் அம்மா பார்க்கும்போதெல்லாம் என் வயதைக் கேட்கும். தெரியாமல் இல்லை. கேட்டுவிட்டு விரல்விட்டு எண்ணும். எண்ணுவது என் வயதை இல்லை.

போன தையில் என் மகளுக்குக் காது குத்தினோம். மாமன் சீர் எல்லாம் இறக்கி முடித்த பிறகு உன் அம்மா தனியாக வந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ஜோடித் தோடு எடுத்தது. "அவ பிள்ளைக்குச் செய்ய வேண்டியது" என்றது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டேன்டி. உன்னிடம் சொல்லாமல் அதைப் பிள்ளை காதில் போட மனசு வரவில்லை.