பெரியப்பாவுக்கு எந்த விதை சொல்லட்டும்?

பாப்பா,

பெரியப்பா போட்டோ அனுப்பிவிட்டு பதிலுக்கு உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன், வேறு ஒன்றும் இல்லை. எல்லாம் கீழக்காட்டு நிலக்கடலை, நம் ஊர் மல்லாட்டை. புரட்டாசியில் எடுத்த படங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்ப இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறார். உனக்கும் தள்ளிவிட்டேன். ஒற்றை டிக்கோடு நிற்கிறது. உன் போனில் சார்ஜ் இல்லையோ என்னவோ.

சரி, படம் திறக்கவில்லை என்றால் நானே சொல்லிவிடுகிறேன். இலையின் மேலே பழுப்புப் புள்ளி, திருப்பினால் அடியில் கரியால் பொட்டு வைத்த மாதிரி கறுப்பு. அதே இலையில் ஊடே ஊடே ஆரஞ்சு நிறத்தில் பொடிக் கொப்புளம், விரலால் தேய்த்தால் செம்பழுப்பாக ஒட்டுகிறதாம். ஆக டிக்கா என்கிற இலைப்புள்ளி நோயும் துரு நோயும் சேர்ந்தே வந்திருக்கிறது. டிக்கா இலை உதிரும், துரு இலை காய்ந்தும் செடியிலேயே தொங்கும் என்று நீ சொல்லிக் கொடுத்ததை நான் மறக்கவில்லை. பூஞ்சைக்கு மான்கோசெப் மருந்து அடித்திருக்கிறார், மழை கழுவிக்கொண்டு போய்விட்டது. பிடுங்கும்போது காம்பு இற்றுப்போய்க் காயெல்லாம் மண்ணுக்குள்ளேயே நின்றுவிட, அதைக் கொத்தி எடுக்க ஆள்கூலி வேறு.

போட்டது அதே டிஎம்வி 2. 1940இல் நம் திண்டிவனத்தில் வெளியான ரகம், தாத்தா காலத்திலிருந்து வீட்டில் வேறு விதை நுழைந்ததில்லை. அது இந்த இரண்டு நோயையும் தாங்காது என்று நீ முதல் வருஷ லீவில் திண்ணையில் உட்கார்ந்து சொன்னாய், அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சிரித்தார். இப்போது "பாப்பா சொன்ன தார்வாட் விதை பேர் என்னடா" என்று என்னைக் குடைகிறார். தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்து ஜிபிபிடி 4 தானே? மார்கழிப் பட்டத்துக்கு முன்னால் தெரிய வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அம்மா கேட்கச் சொன்னாள்.

நீ சிரிப்பாய், ரிட்டயர் ஆனதும் உன் பாடத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். நோயைத் தாங்கும் குணம் பொலிவியாப் பக்கத்துக் காட்டு மல்லாட்டையில் இருக்கிறது, ஆனால் அதற்கு 20 குரோமோசோம், நம்முடையதற்கு 40. இரண்டையும் சேர்த்தால் 30 வரும், அது விதை கட்டாது. மருந்து வைத்து அதை 60 ஆக்கி, பிறகு தலைமுறை தலைமுறையாக விதைத்து விதைத்து 40க்கு வந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். 1960களில் அமெரிக்காவில் வட கரோலினாவில் இப்படிச் சேர்த்த வழியில் வந்த விதைதான் ஹைதராபாத் இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்தைத் தொட்டு தார்வாட் வந்தது என்று படித்தேன். காட்டு ஜீனோடு கெட்டி ஓடும், தாமதமாக முற்றுவதும் கூடவே வந்து தொலைக்குமாம், அதையெல்லாம் கழிக்கவே எத்தனை வருஷம். ஆரம்பித்தவர் ஒருவர், முடித்தவர் வேறு ஒருவர், நடுவில் விட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். யாரும் அவர்களைக் குறை சொன்னதாக எங்கேயும் படிக்கவில்லை. அதற்காகச் சொல்லவில்லை, சும்மா தோன்றியது.

இப்போது டிஎன்ஏ மார்க்கர் வந்த பிறகு, நோயைத் தாங்குமா என்பது நாற்று நிலையிலேயே தெரிந்துவிடுகிறதே, அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். ஜேஎல் 24 ரகத்தில் துரு எதிர்ப்பை அப்படித்தான் ஏற்றினார்கள் என்று 2014 கட்டுரை ஒன்று இருக்கிறது, புரிந்த வரைக்கும் படித்தேன். இங்கே பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் நடக்கிறவர்களிடம் எல்லாம் "என் பெண் நோய் வரும்வரை காத்திருக்க மாட்டாள், இலையைக் கிள்ளி லேபில் வைத்தே சொல்லிவிடுவாள்" என்று பீற்றிக்கொள்கிறேன். அவர்கள் உன்னை விசாரிக்கிறார்கள். நன்றாக இருக்கிறாள் என்கிறேன். தம்பியாவது வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறான், அவனுக்கு இல்லாத வேலையா?

கடைசிக் கார்த்திகைச் சோமவாரம் கடலேகாய் பரிஷே என்கிற மல்லாட்டைச் சந்தைத் திருவிழாவுக்கு அம்மாவை அழைத்துப் போனேன். பசவனகுடியே மல்லாட்டை ஓடாகக் கிடந்தது. ஒருவரிடம் என்ன ரகம் என்று கேட்டேன், "கடலேகாய் சார்" என்றார். ஒரு சேர் வாங்கினோம். வறுத்து, இட்லிப்பொடியோடு சேர்த்து உனக்கு அனுப்பினோம். பார்சல் திரும்பி வந்துவிட்டது, மேலே பேனாவில் "ஆள் இங்கே இல்லை" என்று எழுதி. கூரியர்காரன் மாடி ஏறச் சோம்பல் பட்டிருப்பான் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் ஒன்றும் பேசவில்லை, பொடியை டப்பாவில் கொட்டி வைத்துக்கொண்டாள்.

ஆராய்ச்சி என்றால் இழுக்கத்தான் செய்யும். இழுத்தாலும் சரி, நின்றாலும் சரி, இங்கே உன் அறை அப்படியே இருக்கிறது. வனஜா அத்தை வீட்டில் பேசிய பேச்சை இங்கே யாரும் பேச மாட்டோம். வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே.

என்னிடம் பேச வேண்டாம், பெரியப்பாவிடம் பேசி ரகத்தை மட்டும் சொல்லிவிடு. ஓடு கெட்டியா, எத்தனை நாள் பயிர், செக்குக்கு ஆகுமா என்று மூன்றும் கேட்பார். அப்புறம் பார்சலை எந்த விலாசத்துக்கு அனுப்ப என்று ஒரு வரி போடு, போதும். ஹைதராபாத்தாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை.

அப்பா