பின்பக்கத்தையும் அச்சிட்டிருக்கலாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஒரு காலத்தில் நிறுவனங்கள் தங்கள் பொருளோடு கொடுத்த பழைய விளம்பர அட்டைகள் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். படங்களைப் பார்க்கத்தான் ஒரு மாலைப்பொழுது ஆனது. ரோமானியத் தேர்ப் பந்தயம், இடைக்கால அச்சுக்கூடம், ஜப்பானியத் தேநீர் உபசாரம் என்று பன்னிரண்டு அட்டைகளைத் தாராளமாக வண்ணத்திலேயே போட்டிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் பன்னிரண்டில் ஒன்றின் பின்பக்கத்தைக்கூடக் காட்டவில்லையே! நாற்பது ஆண்டுகளாக இந்த அட்டைகளோடு மல்லுக்கட்டி வருகிறவன் என்ற முறையில் என்னால் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் பெயர். கட்டுரையாளர் ‘வணிக அட்டை’ என்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டால் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டும் பெயரட்டைதான் இன்று நினைவுக்கு வரும். அதிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். வீட்டு எண்கள் வழக்கத்துக்கு வராத காலத்து லண்டனில், கடைக்காரர்கள் தங்கள் பெயர், தொழில், கடைச் சின்னம், வழி எல்லாவற்றையும் செதுக்கி அச்சிட்டுக் கொடுத்த சீட்டுகள்தாம் இவற்றின் மூதாதைகள். ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1720இல் தமக்கே ஒன்று செதுக்கிக்கொண்டார். ஆனால் நீங்கள் அச்சிட்டவை வேறு வகை. கடைக்கு வழிகாட்டுவது இவற்றின் வேலை அல்ல. வாங்கியவர் மீண்டும் வாங்க வேண்டும், ஆறு படமும் சேரும்வரை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ‘விளம்பரப் பட அட்டை’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கட்டுரையில் பெரும்பகுதி லீபிக் என்ற இறைச்சிச் சாறு நிறுவனத்தின் அட்டைகளைப் பற்றியது, அது பொருத்தமே. இத்துறையில் அந்த நிறுவனம்தான் யானை. 1865இல் தொடங்கி, உருகுவே நாட்டின் ஃபிரே பெந்தோஸ் ஊரில் ஆலை வைத்து, மாட்டிறைச்சியைக் காய்ச்சிச் சுண்டவைத்துக் கெட்டிச் சாறாக்கி ஐரோப்பாவில் விற்றார்கள். தோலுக்காக மாட்டைக் கொன்று இறைச்சியை வீணாக்கிய நாட்டில் அது லாபமான யோசனை. ஒரு கிலோ சாற்றுக்குச் சுமார் 30 கிலோ இறைச்சி தேவைப்பட்டது. அந்தக் கரிய பசையை, அதுவும் விலை கூடிய பசையை, நடுத்தர வீட்டுப் பெண்கள் தேடி வாங்க வைத்தவை இந்தப் படங்கள். 1870களின் தொடக்கத்திலிருந்து 1975 வரை, பெரும்பாலும் ஆறு ஆறு அட்டைகள் கொண்ட தொகுதிகளாக, ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், டச்சு எனப் பல மொழிகளில் வந்துகொண்டே இருந்தன. வேடிக்கை என்னவென்றால், ஜாடியின் மேல் நீல மையில் கையெழுத்திட்டிருக்கும் வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபான் லீபிக் 1873இலேயே இறந்துவிட்டார். அவருடைய கையெழுத்து மட்டும் அவருக்குப் பின் பல பத்தாண்டுகள் உழைத்தது.

படங்களைக் கட்டுரையாளர் ‘சின்னஞ்சிறு ஓவியங்கள்’ என்று புகழ்கிறார். பாராட்டு போய்ச் சேர வேண்டியவர்களுக்குச் சேரவில்லை. இவை குரோமோலித்தோ, அதாவது வண்ணக் கல்லச்சு. அச்சாளர் எங்கெல்மான் 1837இல் காப்புரிமை பெற்ற முறை. மூலப் படத்தை ஒருவர் வரைந்திருப்பார். ஆனால் அதைப் பத்துப் பன்னிரண்டு நிறங்களாக மனத்திலேயே பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சுண்ணாம்புக் கல்லில் புள்ளி புள்ளியாகக் குத்தியவர் வேறொருவர். தாள் அத்தனை கற்களின் மேலும் ஒவ்வொரு முறையாக ஏறி இறங்க வேண்டும்.

என்னிடம் பிரமிடு கட்டும் காட்சி கொண்ட லீபிக் அட்டை ஒன்று இருக்கிறது. 10.5 செ.மீ. அகலம், 7 செ.மீ. உயரம். வெறும் கண்ணுக்கு மேற்பார்வையாளனின் முகம் வழவழப்பான மாநிறம். பூதக்கண்ணாடியை வைத்தால் மாநிறம் என்ற மையே அங்கு இல்லை. இளஞ்சிவப்புப் புள்ளிகள், அவற்றுக்கிடையே மஞ்சள், தாடை நிழலில் நீலம். இன்றைய அச்சுப் புள்ளிகள் போல அவை வரிசையில் நிற்கவில்லை. கன்னத்தின் வளைவோடு சேர்ந்து வளைகின்றன. ஒரு கை அவற்றை ஒவ்வொன்றாக வைத்திருக்கிறது. உதட்டுச் சிவப்பு மட்டும் அரை மில்லிமீட்டர் கீழே நழுவித் தாடையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏதோ ஒரு நாள் கல்லின் மேல் தாள் சற்றே பிசகியிருக்கிறது. காட்சியின் மூலையில், எகிப்தியருக்கும் மணலுக்கும் சம்பந்தமே இல்லாமல், அந்த ஜாடி.

சரி, பின்பக்கத்துக்கு வருகிறேன். இந்த அட்டைகளில் பொதுவாக ஆண்டு இருக்காது. ஒரே படம் பல மொழிகளில், பல அச்சுகளில் வந்திருக்கும். எது எந்தப் பதிப்பு என்று சேகரிப்பாளர்கள் பிரித்தறிவது பெரும்பாலும் பின்பக்கத்து எழுத்தை வைத்துத்தான். சிலவற்றில் ஜாடியின் புகழ், சிலவற்றில் சமையல் குறிப்பு, பிற்காலத்தவற்றில் படத்துக்கான விளக்கம். கடைசியாகச் சொன்னது முக்கியம். முன்பக்கத்தில் ஒரு போர் இருக்கும். அந்தப் போரில் யார் வீரர், யார் காட்டுமிராண்டி என்று வாசகருக்குச் சொல்லித் தருவது பின்பக்கம்.

‘ஏழைச் சிறுவரின் கலைக்களஞ்சியம்’ என்று கட்டுரையாளர் உருகுவதை நான் ஏற்காததும் இதனால்தான். சிங்கர் நிறுவனம் 1892இல் அச்சிட்டு, மறு ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் வழங்கிய அட்டைகளைப் பாருங்கள். ஒவ்வொரு நாட்டு மக்களும் தத்தம் பாரம்பரிய உடையில் அமர்ந்திருப்பார்கள். உடை மாறும், தலைப்பாகை மாறும், பின்னணி மாறும். நடுவில் மாறாமல் நிற்பது தையல் எந்திரம். பின்பக்கத்தில் அந்த நாட்டைப் பற்றிச் சில பத்திகள் இருக்கும். முன்பக்கத்தை மட்டும் பார்க்கிறவர் உடைகளின் அழகை ரசித்துவிட்டுப் போய்விடுவார். இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவருக்குத்தான், உலகத்தை ஒரு வாடிக்கையாளர் பட்டியலாகப் பார்த்த கண் தெரியும். அந்தக் கண்ணும் வரலாறுதானே? அமெரிக்க அட்டைகளில் சீனர்களையும் கறுப்பின மக்களையும் கேலிச் சித்திரங்களாக வரைந்தவை ஏராளம். கட்டுரையில் அவற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. அழகானவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தால் எந்தக் காலமும் அழகாகத்தான் இருக்கும்.

பின்பக்கங்கள் அழிந்ததில் நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு. பிலடெல்பியாவில் 1876இல் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்க வீடுகளில் அட்டைகளை நோட்டில் ஒட்டுவது பெரும் மோகமாயிற்று. மாவுப் பசைதான். கொலோன் நகரத்து சாக்லேட் நிறுவனமான ஷ்டோல்வெர்க் போன்றவை ஆல்பங்களையே வெளியிட்டன. லீபிக் அட்டைகளுக்கு மூலைகளைச் செருகும் வெட்டுகள் கொண்ட ஆல்பங்களும் உண்டு. அவற்றில் வைத்தவர் புண்ணியவான்.

ஒட்டியவர்களை ஏசலாமா என்றால், அதற்கும் மனம் வரவில்லை. அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் ஒரு மின்சாதன ஆலையில் வேலை பார்த்த ஜெஃபர்சன் பர்டிக் என்பவர்தான் அமெரிக்க அட்டைகளுக்கு முறையான பட்டியல் போட்ட முன்னோடி. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத்தாள்களையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப்போன நிலையில், ஆண்டுக்கணக்கில் அங்கேயே அமர்ந்து அவற்றை ஆல்பங்களில் ஒட்டி வகைப்படுத்தினார். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார். இரண்டு மாதத்தில் இறந்துபோனார். அவரும் ஒட்டத்தான் செய்தார். ஆனால் அவர் இல்லையென்றால் அந்த முன்பக்கங்களும் இன்று இருக்குமா என்பது சந்தேகமே.

என் கதைக்கு வருகிறேன். மேலே சொன்ன பிரமிடு அட்டை ஒரு பழைய நோட்டில் ஒட்டியிருந்தது. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் கழன்றுவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, தட்டில் நீர் ஊற்றி அந்தத் தாளை வைத்தேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. பத்து நிமிடத்தில் ஓரம் தூக்கியது. இழுத்தேன். படம் கையோடு வந்தது. பின்பக்கத்தின் மேல்தோல் பெரும்பாலும் நோட்டோடு போயிற்று. நீரில் மிதந்த எழுத்துத் துணுக்குகளை வடிகட்டியில் அள்ளிக் காயவைத்துப் பார்த்தேன். ஒரு சொல்லும் தேறவில்லை. அந்த அட்டை எந்தப் பதிப்பு என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆகவே, கட்டுரையின் இரண்டாம் பகுதி வருமானால், படங்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு அட்டைக்கும் இரு பக்கத்தையும் அச்சிடுங்கள். முடிந்தால் உண்மையான அளவிலேயே. ஒரு பக்கத்தில் இரண்டு அட்டைகள், அவற்றின் முதுகுகளோடு தாராளமாக அடங்கும். பின்பக்க எழுத்தைத் தமிழில் பெயர்த்துக் கீழே சிறிய எழுத்தில் போட்டால், என் போன்றவர்கள் அதற்காகவே இதழை எடுத்து வைத்துக்கொள்வோம்.

உங்கள் பயன்பாட்டுக்காக என் பிரமிடு அட்டையின் இரு பக்கங்களையும் படமெடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பின்பக்கத்தில் இடது ஓரமாக இருப்பது சமையல் குறிப்பின் மூன்று வரிகள். மீதி வெள்ளையாகத் தெரிவது காகிதத்தின் நார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்