ஆஷ் சொல்லாததை அவர் வாயில் திணிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கூட்ட மனப்பான்மை பற்றி வந்த கட்டுரையில், "மனிதன் மந்தை ஆடுதான் என்பதை சாலமன் ஆஷ் அன்றே நிரூபித்துவிட்டார்" என்று ஒரு வரி. அமெரிக்க உளவியலாளரான ஆஷின் சோதனையை வருடா வருடம் வகுப்பில் நடத்திக் காட்டிய எனக்கு அது தொண்டையில் சிக்கிய முள்ளாக இருக்கிறது.

1951-இல் ஆஷ் வெளியிட்ட சோதனை தங்களுக்குத் தெரியாததல்ல. ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று. எது சம நீளம் என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் முன்கூட்டியே சொல்லிவைத்த ஆட்கள். ஒருவர் பின் ஒருவராகத் தப்பான கோட்டையே சொல்வார்கள். விஷயம் தெரியாமல் வந்து மாட்டிய அந்த ஒருவர் என்ன செய்கிறார்? கிடைத்த பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கூட்டத்தோடு போனது. மற்றவை எல்லாம் சரியான பதில்கள். நாலில் ஒருவர் ஒரு தடவைகூட அசைந்து கொடுக்கவில்லை. கூட்டத்தில் இன்னும் ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னாலோ, தப்பான பதில்கள் முன்பிருந்ததில் நாலில் ஒரு பங்காக இறங்கிவிட்டன. எனக்கு இதுதான் அந்தச் சோதனையின் உயிர். இதைச் சொல்லும்போதுதான் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள். உங்கள் கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை.

இது முதல் தடவையாக இருந்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். நியூயார்க்கில் 1964-இல் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொல்லப்பட்டதை, "38 பேர் வேடிக்கை பார்த்தார்கள்" என்று இதே இணைப்பில் முன்பு எழுதினீர்கள். அப்போதும் கடிதம் போட்டேன், அது அச்சில் வரவில்லை. அந்தக் கதையை உலகுக்குச் சொன்ன நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையே, சாட்சிகளின் எண்ணிக்கையையும் அவர்கள் பார்த்ததையும் மிகைப்படுத்திவிட்டோம் என்று 2016-இல் ஒப்புக்கொண்டது. அக்கம்பக்கத்தில் பலர் ஏதோ அலறல் என்று மட்டுமே அறிந்தார்கள். ஒருவர் சத்தம் போட்டுக் கொலைகாரனை விரட்டினார். சோபியா ஃபாரர் என்ற பக்கத்து வீட்டுப் பெண், கொலைகாரன் போய்விட்டானா என்றுகூடத் தெரியாமல் கீழே ஓடிவந்து, உயிர் போய்க்கொண்டிருந்தவளை மடியில் தாங்கிப் பிடித்திருந்தார். அவர் பெயர் உங்கள் பக்கத்தில் என்றைக்காவது வந்திருக்கிறதா?

தூரத்து ஊர்க் கதை என்று ஒதுக்கலாம். எங்கள் தெருமுனையில் நடந்ததைச் சொல்கிறேன். பிளஸ் டூ படிக்கும் பையன் சைக்கிளில் போகும்போது கார் தட்டிவிட்டது. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த நான்தான் முதலில் இறங்கி ஓடினேன். அவன் அம்மாவுக்குச் சொல்ல போனைத் தேடினால், அது புத்தகப் பையின் உள்ஜிப்பில், ஆஃப் செய்து, கைக்குட்டையில் சுற்றிக் கிடந்தது. என் கையால் எடுத்தேன். ஆனால் டீக்கடையில் ஒருவர், "போன் பேசிக்கிட்டே வந்திருப்பான்" என்று பேச்சுவாக்கில் சொன்னார். சாயங்காலத்துக்குள் அவன் காதில் போன் இருந்ததைக் 'கண்ணால் பார்த்தவர்கள்' பெருகிவிட்டார்கள். அவர்கள் பொய்யர்கள் இல்லை. எல்லாரும் எனக்குப் பழகிய மனிதர்கள்தான். மறுநாள் உங்கள் நாளிதழில், "செல்போன் பேசியபடி சென்ற மாணவன் காயம், நேரில் பார்த்தவர்கள் தகவல்" என்று வந்தது. உங்கள் நிருபர் என்னிடம் கேட்கவே இல்லை.

உளவியலாளர் பியோனா காபர்ட் குழுவினர் 2003-இல் இதைத்தான் சோதித்தார்கள். இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, ஒரே சம்பவத்தின் படத்தை ஒவ்வொருவருக்கும் வேறு கோணத்தில் காட்டினார்கள். ஒரு பெண் பணத்தை எடுக்கும் காட்சி ஒரு கோணத்தில்தான் தெரியும். பிறகு இருவரையும் பேசவிட்டு, தனித்தனியாக விசாரித்தார்கள். பேசியவர்களில் 71 விழுக்காட்டினர், தாங்கள் பார்க்கவே முடியாத ஏதாவது ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அந்தச் சோதனையில் படம் கையில் இருந்ததால் தப்பு தெரிந்தது. எங்கள் தெருமுனையில் எதை வைத்து நிரூபிப்பது? உங்கள் செய்தியைப் படித்த பிறகு சந்தேகத்தில் இருந்தவர்களும் உறுதியாகிவிட்டார்கள்.

தேர்வு முடிவு வரும் மாதங்களில் முதல் பக்கத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறது. இறந்துபோன பிள்ளையின் படம், அது எழுதிவைத்த கடிதம், எப்படி இறந்தது என்ற விவரம். பரபரப்பான தற்கொலைச் செய்திகளுக்குப் பின் தற்கொலைகள் கூடுவதை டேவிட் பிலிப்ஸ் என்ற சமூகவியலாளர் 1974-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். வியன்னாவில் 1987-இல் பத்திரிகைகள் எழுதும் முறையை மாற்றியதும், சுரங்க ரயில் பாதையில் தற்கொலைகள் சட்டென்று குறைந்தன. நம் நாட்டு பிரஸ் கவுன்சிலும் 2019-இல் இதற்கு வழிகாட்டுதல் தந்திருக்கிறது. தங்கள் மேசையில் இல்லாமலா இருக்கும்? வாசகர்களை மந்தை என்று எழுதும் பத்திரிகை, தான் எழுதுவதைப் பார்த்து ஒரு பிள்ளை அதையே செய்துவிடக்கூடும் என்பதை மட்டும் நினைக்க மறுப்பது எனக்கு ஆறவே இல்லை. அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற பேப்பர் இது. அந்த உரிமையில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஆஷ் பற்றி அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் நாலு வரி திருத்தம் போடுங்கள். அந்தப் பையன் பற்றிய செய்தி உங்கள் இணையப் பதிப்பில் இன்னும் அப்படியே கிடக்கிறது. அவன் பெயரைத் தேடினால் அதுதான் முதலில் வருகிறது. செல்போன் என்ற வார்த்தையையாவது அதிலிருந்து எடுத்துவிடுங்கள். அவன் அப்பா இரண்டு முறை உங்கள் அலுவலக வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியை,
திருச்சி