வீட்டுக் கொல்லையை ஒட்டிய சீமைக்கருவேல மரங்களை வேரோடு அகற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
வீட்டுமனைப் பட்டாதாரர்,
முதுகுளத்தூர் வட்டம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், இராமநாதபுரம்.

பொருள்: ஓடைப் புறம்போக்கில் உள்ள 22 சீமைக்கருவேல மரங்களைத் தூரோடு அகற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் வீட்டின் பின்புறம் உள்ள 5 சென்ட் கொல்லையில் கத்தரி, முருங்கை, நான்கு வாழை, ஒரு மல்லிகைப் பந்தல் ஆகியவற்றை வைத்துப் பேணி வருகிறோம். அதன் வடக்கு வேலியை ஒட்டிச் செல்லும் ஓடைப் புறம்போக்கில், ஊர்வழக்கில் வேலிக்கருவை எனப்படும் சீமைக்கருவேல மரங்கள் 22 நிற்கின்றன.

இவற்றின் காய் பழுத்து உதிரும் காலத்தில் ஆடுகள் அதைத் தின்று, செரிக்காத விதையைப் புழுக்கையோடு போட்டுவிடுகின்றன; அந்தப் புழுக்கையையே நாங்கள் கத்தரிக்கு எருவாக இடுவதால், விதையை எங்கள் கையாலேயே தூவியவர்களாகிறோம். எருவை மக்க வைத்து இட்டுப் பார்த்ததில் முளைப்பது குறைந்ததே தவிர நிற்கவில்லை. மழை பெய்த சில நாளில் பாத்திக்கு நடுவே தலைகாட்டும் கன்றை ஈரம் காய்வதற்குள் பிடுங்கினால் கையோடு வந்துவிடும். ஒரு மாதம் விட்டால், ஒரு சாண் செடிக்கு இரண்டு சாண் ஆணிவேர் இறங்கி, இழுக்கும்போது கழுத்தோடு அறுந்து, அடுத்த மழைக்கு ஒன்றுக்கு நான்காகத் துளிர்க்கிறது.

சென்ற ஆண்டு யாரோ விறகுக்காக இம்மரங்களை இடுப்பளவில் வெட்டிச் சென்றனர். வெட்டிய கட்டை ஒவ்வொன்றிலும் இன்று ஆறேழு கிளைகள் புதராக மண்டி வேலிக்கு உள்ளே தொங்குகின்றன. வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன என் தாயாரின் குதிகாலில் முள் ஏறி உள்ளேயே ஒடிந்து, பத்து நாள் நடக்க இயலாமற் போயிற்று.

கொல்லைக்குள் முளைப்பவற்றை நாங்களே பார்த்துக்கொள்வோம். அரசு நிலத்து மரத்தில் நான் கைவைப்பது முறையன்று என்பதால் தங்களை நாடுகிறேன். அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றுவதற்கெனத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு ஒரு கொள்கையையே வெளியிட்டுள்ளது. நம் மாவட்டத்தில் பல குடும்பங்கள் இம்மரத்தின் கரிமூட்டத்தை நம்பியிருப்பதையும், எங்கள் அடுப்பும் வெகுகாலம் இவ்விறகில் எரிந்ததையும் மறந்து இதை எழுதவில்லை. நான் கேட்பது ஓடையின் இந்த ஒரு துண்டு மட்டுமே.

எனவே, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக இம்மரங்களை மேலாக வெட்டாமல், ஜேசிபி கொண்டு அடிக்கட்டையும் தூரும் வெளிவருமாறு தோண்டி எடுக்கவும், விறகை முறைப்படி ஏலம் விடவும், ஓடைக்கரை சரியாதபடி குழிகளை மூடி அவ்விடத்தில் புங்கன் கன்றுகளை நடவும் உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பையும், மறுபடி தலைகாட்டும் கருவை முளைகளைப் பிடுங்கும் பொறுப்பையும் எங்கள் குடும்பம் ஏற்றுக்கொள்ளும்.

இணைப்பு: பட்டா நகல், புலப்பட நகல், புகைப்படங்கள் 4.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
மனுதாரர்