டெஹ்ரானில் கடைசிக் கையெழுத்து யாருடையது?

8 ஜூலை 2024

அன்புள்ள சேது,

உன் கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டுவதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். கேசவன் மறுபடியும் ராஜினாமா செய்துவிட்டான், எத்தனையாவது என்று நீயே எண்ணிக்கொள். என்னைப் பேனா எடுக்க வைத்தது நேற்று நீ அனுப்பிய ஒற்றை வரிதான்: "சீர்திருத்தவாதி ஜெயிச்சாச்சு, இனி ஈரான் மாறிடும்டா!"

ஈரான் ஜனாதிபதித் தேர்தலில் சீர்திருத்தவாதி பெசெஷ்கியான் ஜெயித்ததில் எனக்கும் சந்தோஷம்தான். அவருக்கு 1 கோடியே 63 லட்சம் ஓட்டு, எதிர்த்து நின்ற பழமைவாதி ஜலீலிக்கு 1 கோடியே 35 லட்சம். ஓட்டு எண்ணிக்கையைப் பார்க்கும் நீ, ஓட்டுச் சீட்டில் யார் பெயர் வரலாம் என்று முடிவு செய்தது யார் என்பதைப் பார்க்கவில்லையே! மே 19 அன்று முந்தைய ஜனாதிபதி ரைசி ஹெலிகாப்டர் விபத்தில் இறந்ததும் 50 நாளுக்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்பது சட்டம். 80 பேர் மனு கொடுத்தார்கள், வேட்பாளர்களை வடிகட்டும் பாதுகாவலர் மன்றம் 6 பேரை விட்டது. 2021இல் 592 பேரில் 7. பன்னிரண்டு வருஷம் நாடாளுமன்றச் சபாநாயகராக இருந்த லாரிஜானிக்கு இரண்டு முறையும் கதவடைப்பு. இரண்டு தவணை ஜனாதிபதியாக இருந்த அகமதிநெஜாத்துக்கு மூன்று முறை. ஏன் என்று ஊரறியச் சொல்வதில்லை.

அந்த மன்றத்தில் 12 பேர். ஆறு மார்க்க அறிஞர்களை, ஜனாதிபதிக்கும் மேலே இருக்கும் மதத் தலைவரான உச்சத் தலைவர் நேராக நியமிக்கிறார். மீதி ஆறு சட்ட வல்லுநர்களை நீதித்துறைத் தலைவர் முன்மொழிய, மஜ்லிஸ் என்னும் நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கிறது. அந்த நீதித்துறைத் தலைவரை நியமிப்பவரும் உச்சத் தலைவரே. உச்சத் தலைவரைத் தேர்ந்தெடுக்கவும், தகுதியிழந்தால் நீக்கவும் 88 பேர் கொண்ட நிபுணர் பேரவை இருக்கிறதே என்பாய். எட்டு வருஷத்துக்கு ஒருமுறை மக்களே ஓட்டுப் போட்டுத்தான் அதை அமைக்கிறார்கள். ஆனால் அதற்கு யார் நிற்கலாம் என்று வடிகட்டுவதும் இதே பாதுகாவலர் மன்றம்தான். இந்த ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதி ரூஹானியையே தள்ளிவிட்டார்கள், அவர் ஏற்கெனவே அந்தப் பேரவை உறுப்பினர். வேலிக்கு ஓணான் சாட்சி!

1989 கதை இன்னும் ருசி. முதல் உச்சத் தலைவர் கொமெய்னி இறந்த மறுநாளே நிபுணர் பேரவையில் காமனெயியை அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். தலைவர் 'மர்ஜா' என்னும் உயர்படி மார்க்க அறிஞராக இருக்க வேண்டும் என்று அன்றைய அரசியல் சட்டம் சொன்னது, அவரோ அந்தப் படியில் இல்லை. அடுத்த மாதமே பொது வாக்கெடுப்பு வைத்து அந்த நிபந்தனையை எடுத்தார்கள். கூடவே பிரதமர் பதவியும் போயிற்று. செருப்புக்காகக் காலை வெட்டுவார்கள் என்பார் நம் வாத்தியார். இங்கே காலுக்கேற்பச் செருப்பு தைத்தார்கள்.

சட்டம் போகும் வழியையும் கேள். மஜ்லிஸ் நிறைவேற்றும் எதுவும் பாதுகாவலர் மன்றத்துக்குப் போகும். பார்க்க 10 நாள், கேட்டால் இன்னொரு 10. மார்க்கத்துக்கு முரணா என்றால் அந்த ஆறு அறிஞர்கள் மட்டும் ஓட்டுப் போடுவார்கள், அரசியல் சட்டத்துக்கு முரணா என்றால் பன்னிரண்டு பேரும். இரு தரப்பும் விட்டுக்கொடுக்காவிட்டால் நலன் காக்கும் மன்றம் தீர்க்கும். அது 1988இல் கொமெய்னி போட்ட ஏற்பாடு, உறுப்பினர்களை நியமிப்பது மறுபடியும் உச்சத் தலைவர். கறுப்புப் பணம், தீவிரவாத நிதி பற்றிய சர்வதேச ஒப்பந்தங்களில் சேர 2018இல் மஜ்லிஸ் சட்டம் போட்டது. நலன் காக்கும் மன்றத்தில் போய்ப் படுத்தவை இந்த 2024 ஜூலை வரை எழவில்லை. வங்கிகள் வெளிநாட்டோடு கணக்கு வைக்க முடியாமல் திணறுவதற்குப் பொருளாதாரத் தடை மட்டுமே காரணமில்லை, இதுவும்தான்.

ஆகவே புது ஜனாதிபதியிடம் பட்ஜெட் உண்டு, அமைச்சர்கள் உண்டு, விலைவாசிக்கு வாங்கும் வசவும் உண்டு. புரட்சிக் காவல் படை, ராணுவம், வானொலி, தொலைக்காட்சி எதுவும் அவர் கையில் இல்லை. தேசிய பாதுகாப்பு மன்றத்துக்கு அவர்தான் தலைமை. ஆனால் அதன் முடிவு செல்லுபடியாக உச்சத் தலைவர் ஒப்புதல் வேண்டும்.

ஒன்று மட்டும் கேலி இல்லாமல் சொல்கிறேன். முதல் சுற்றில் நூற்றுக்கு அறுபது பேர் வாக்குச்சாவடிப் பக்கமே வரவில்லை. 1979 புரட்சிக்குப் பிறகு நடந்த ஜனாதிபதித் தேர்தல்களில் இவ்வளவு குறைந்ததில்லை. இரண்டாம் சுற்றில் பாதியை நெருங்கியது. பின்னால் வந்தவர்களில் பலர் ஜலீலி வந்துவிடுவாரே என்ற பயத்தில் வந்தவர்கள் என்றே நினைக்கிறேன். நீ கைதட்டும்போது அந்த வராதவர்களையும் நினைத்துக்கொள்.

அமைச்சர் பட்டியல் மஜ்லிஸுக்கு வரும்போது வெளியுறவு, பாதுகாப்பு, உளவுத்துறை மூன்றையும் பார். உச்சத் தலைவரைக் கேட்காமல் அந்தப் பெயர்களை வைக்கும் வழக்கம் இல்லை. அதில் ஒருவராவது உன்னை வியக்க வைத்தால் ஒரு தட்டு மெதுவடை என் செலவு. சட்னியை நீ கொண்டு வா, பழைய கணக்கு பாக்கி இருக்கிறது.

உன்,
ரகு