நிலாக் கணக்கு, கூகையின் காது, 66 கூப்பன்: உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

எங்கள் நாவல் அச்சுக்குப் போய்விட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் குண்டு விழுந்துகொண்டிருந்த லண்டனில் காதலிக்கும் இரண்டு ஆண்களின் கதை. ஒருவன் ஓநாயாக உருமாறுபவன். துணைத் தீயணைப்புப் படையில் வேலை. மற்றவன் கூகையாக உருமாறுபவன். இரவெல்லாம் கூரைமேல் நின்று தீக்குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்பவன். உருமாறுவது கற்பனை. மற்றதெல்லாம் நடந்த வரலாறு. அது பிசகினால் வாசகர் ஓநாயையும் நம்பமாட்டார், காதலையும் நம்பமாட்டார். பிசகாமல் பார்த்துக்கொண்டவர்கள் நீங்கள்.

நிலாக் கணக்கு போட்டுத் தந்தவருக்கு முதல் வணக்கம். பௌர்ணமிக்கும் பௌர்ணமிக்கும் இடையே இருபத்தொன்பதரை நாள். அந்த அட்டவணையைக் குண்டுவீச்சு நாட்களோடு பொருத்திப் பார்த்தால்தான் கதையின் எலும்புக்கூடு தெரிகிறது. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரம் எரிந்த 1940 நவம்பர் 14 இரவு பௌர்ணமி. அந்தத் தொடர் குண்டுவீச்சில் லண்டன் கடைசியாகப் பேரடி வாங்கிய 1941 மே 10 இரவும் பௌர்ணமி. விமானிகளுக்கு வேண்டியிருந்த அதே வெளிச்சம்தான் நம் ஓநாயையும் எழுப்புகிறது. ஊருக்கு அவன் கை அதிகம் தேவைப்படும் இரவில் அவனுக்குக் கையே இல்லை.

1940 டிசம்பர் 29 இதற்கு நேர்மாறு. லண்டன் நகரின் மையம் பற்றியெரிந்த அந்த ஞாயிறு, அமாவாசைக்கு மறுநாள். அன்று அவன் முழு மனிதன். கையில் குழாயும் இருக்கிறது. ஆனால் அமாவாசையை ஒட்டிக் கடல் ஓதம் அதிகமாக ஏறும், இறங்கும்போது அதிகமாக வற்றும். கடல் ஓதத்தோடு ஏறி இறங்கும் தேம்ஸ் ஆறு வற்றிச் சேறாகக் கிடக்க, குழாய்கள் நீரை எட்டவில்லை. நீங்கள் அட்டவணையின் ஓரத்தில் எழுதிய "அன்று ஆற்றில் தண்ணீர் இல்லை" என்ற ஒரு வரிதான் நாவலின் மிக வலுவான அத்தியாயம் ஆனது.

கடிகாரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை, இந்தக் காலத்தை எழுதும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1940 குளிர்காலம் முழுக்க பிரிட்டனின் கடிகாரங்கள் கிரீன்விச் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் ஓடின. 1941 மே 4 முதல் இரண்டு மணி முன்னால். ஆகவே பௌர்ணமி நிலா உச்சிக்கு வருவது குளிர்காலத்தில் ஒரு மணி வாக்கில், மே மாதத்தில் இரண்டு மணி வாக்கில். "பன்னிரண்டு அடித்தது, நிலா உச்சியில்" என்று எழுதினால் தவறு. உயரமும் மாறும். நவம்பர் நிலா வானத்தில் நன்றாக ஏறி நிற்கும். மே நிலா தெற்கே கூரைகளை ஒட்டித் தாழ்வாகவே போகும். குறுகிய சந்துகளுக்குள் இறங்காது. இரண்டு பேர் மறைந்து நின்று பேச இடம் கிடைப்பது அப்படித்தான்.

பறவை மீட்புப் பணியாளர்களுக்குப் பெருங்கடன் பட்டிருக்கிறோம். கூகை மற்ற ஆந்தைகள்போலக் குழறாது, கிறீச்சிடும். அதன் கண்கள் குழிக்குள் உருளாது. அதனால்தான் கழுத்து ஏறத்தாழ 270 பாகை திரும்புகிறது. மனித உருவுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் காதலனைக் கடைக்கண்ணால் பார்க்காமல் தலையையே திருப்பிப் பார்க்கிறான் என்று எழுதியது இதிலிருந்து. அதன் காதுத் துளைகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருக்கும். ஒலி எங்கிருந்து வருகிறது என்று அதை வைத்தே அளக்கிறது. பக்கத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கி முழங்கினால் அந்த அளவை குழம்பிவிடும். சத்தமில்லாமல் பறப்பதற்கென்றே அமைந்த மெல்லிய இறகு தண்ணீரைத் தாங்காது. தீயணைப்புக் குழாயின் சாரல் பட்டாலே பறப்பது கஷ்டம். அப்போது அவன் மனிதனாக மாறியே தீர வேண்டும். டிசம்பர் குளிரில், உடுப்பில்லாமல், எரியும் கட்டடத்தின் கூரையில்.

எழுபது கிலோ மனிதன் முந்நூறு கிராம் பறவை ஆனால் மீதி எடை எங்கே போகிறது என்ற கேள்விக்கு, "விளக்கப் புகுந்தால் கதை நின்றுவிடும், அவன் தரும் விலையை மட்டும் காட்டுங்கள்" என்று உங்களில் ஒருவர் சொன்னதே சரி. பசி, நடுக்கம், காதில் இரைச்சல். அது போதும்.

துணி ரேஷன் விவரங்களைத் தேடித் தந்தவருக்கு நன்றி. 1941 ஜூன் 1 அன்று துணி ரேஷன் தொடங்கியபோது ஆளுக்கு ஆண்டுக்கு 66 கூப்பன். ஆணுக்குக் கோட்டு 13, கம்பளிக் கால்சட்டை 8, சாதாரணச் சட்டை 5, காலணி 7, காலுறை 3. கூட்டினால் 36. உடுப்பைக் கிழித்துக்கொண்டு உருமாறும் காட்சியை இரண்டாவது முறை எழுதும்போதே கணக்கு 72-ஐத் தொட்டு ஆண்டுக் கூப்பனைத் தாண்டிவிடும். ஆகவே முன்னதாகவே கழற்ற வேண்டும். கழற்றியதை மடித்துக் காத்து வைக்க இன்னொருவன் வேண்டும். இந்தக் கதையில் காதல் வளர்வது பெரும்பாலும் அந்த மடிப்பில்தான்.

பிரிட்டனில் ஓநாய்கள் அழிந்து சில நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. தெருவில் பார்ப்பவர் அவனை அல்சேஷன் நாய் என்றே நினைப்பார். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு அன்று அங்கே அதுதான் பெயர். பொதுப் பதுங்கிடங்களில் நாய்க்கு இடமில்லை. மிஞ்சுவது தோட்டத்து ஆண்டர்சன் பதுங்கிடம்: வளைந்த நெளிதகடு ஆறு, நாலடிப் பள்ளம், மேலே பதினைந்து அங்குல மண். அது பெரும்பாலும் கெடுவது அடியில் நீர் ஊறுவதால். இருவரும் ஒரே பலகையில் ஒண்டி உட்கார அதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

தீயணைப்பு நுட்பம் சொன்னவருக்கு: ஒரு கிலோ மக்னீசியத் தீக்குண்டின்மேல் தண்ணீரைப் பீய்ச்சினால் அது வெடித்துச் சிதறும், குண்டுக்குத் தூறல், சுற்றிப் பற்றிய தீக்குப் பீய்ச்சல். வாளியில் வைத்துக் கையால் அடிக்கும் ஸ்டிரப் பம்புக்கு ஒருவர் அடிக்க, ஒருவர் குழாய் பிடிக்க, ஒருவர் வாளி சுமக்க என்று மூவர் வேண்டும். காதலர் இருவர் என்பதால் மூன்றாமவர் ஒருவரைக் கதைக்குள் கொண்டுவந்தோம். அவருக்கு எல்லாம் தெரியும், யாரிடமும் சொல்லமாட்டார்.

சட்ட வரலாற்றைப் பார்த்துத் தந்தவரின் குறிப்புகள் நாவல் முழுவதிலும் இருக்கின்றன. 1885-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆணும் ஆணும் தனியறைக்குள் நெருங்கினாலும் இரண்டாண்டு வரை சிறை. காதல் கடிதமே சாட்சியாகும். 1967-ல்தான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தளர்வு. அதுவும் 21 வயது நிறைந்தவர்களுக்கு, தனிமையில் மட்டும், படையினருக்குக் கிடையாது. இவர்கள் அஞ்சுவது பௌர்ணமியைவிடக் கதவு தட்டும் ஓசைக்கு.

1942-ல் கூகைக்காரன் படையில் சேர்ந்து கடல் கடந்து போனபின் அவன் எழுதுவதை அவன் அணி அதிகாரியே படித்துத் தணிக்கை செய்வார். எப்போதாவது கிடைக்கும் பச்சை உறையை அணியில் பிரிக்கமாட்டார்கள். ஆனால் தளத்துத் தணிக்கை அலுவலகத்தில் பிரிக்கலாம். அதனால் அதிலும் துணிந்து எழுத முடியாது. பிரிட்டிஷ் படைவீரர் கில்பர்ட் பிராட்லிக்கு அவருடைய காதலர் கார்டன் போஷர் போர்க்காலத்தில் எழுதிய கடிதங்களில் "ஜி" என்று மட்டுமே கையெழுத்து இருக்கும். 2008-ல் பிராட்லி இறந்தபிறகே அவை வெளிவந்தன. அவற்றைப் படிக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. எங்கள் கூகைக்காரனும் ஒற்றை எழுத்தோடு நிறுத்திக்கொள்கிறான்.

பிழை பார்த்தவர்களுக்கும், ஆண்களின் காதல் காட்சியில் ஒரு சொல்கூடக் கூசாமல் திருத்தித் தந்தவர்களுக்கும் நன்றி. 1939 செப்டம்பர் முதல் 1945 மே வரையிலான பௌர்ணமி, அமாவாசை அட்டவணையும் ஆண்கள் உடுப்புக்கான கூப்பன் பட்டியலும் எங்களிடம் இருக்கின்றன. தொகுத்தவர்கள் ஒப்புதல் தந்துவிட்டார்கள். இந்தக் காலத்தைத் தமிழில் எழுத நினைக்கும் யார் கேட்டாலும் அனுப்பித் தருகிறோம்.

நன்றியுடன்,
நாவல் குழுவினர்