பெண்களிடம் வருமானச் சான்று கேட்பதை நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இலவச சட்ட உதவி கேட்டுப் போகும் பெண்களிடம், முதல் வேலையாக வருமானச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பும் வழக்கம் எங்கள் கடலூர் மாவட்டத்தில் இன்னும் இருக்கிறது. சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-வது பிரிவில், யார் யாருக்கு இலவச உதவி உண்டு என்று வரிசையாகச் சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள். இவர்கள் யாருக்கும் வருமான வரம்பு கிடையாது. வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களும் இதே வரிசையில் வருகிறார்கள். தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த நம் மாவட்டத்தில் இது எத்தனை பேருக்குத் தெரியும்? வரம்புக்கு உட்பட்ட மற்றவர்களுக்குக்கூட, தன் வருமானம் இவ்வளவுதான் என்று அவர்களே தரும் பிரமாணப் பத்திரத்தைப் போதுமானதாக ஏற்கலாம் என்கிறது 13-வது பிரிவு.

எங்கள் தெருவில் ஒரு பெண் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறார். இரண்டு பிள்ளைகள். கணவர் வேறு ஊரில் வேறு குடும்பம் என்று ஆகிவிட்டார். ஜீவனாம்சம் கேட்டு மனு போட, மாவட்டத்திலுள்ள ஒரு சட்ட உதவி அலுவலகத்துக்கு அவரோடு நானும் துணைக்குப் போனேன். மேஜையில் இருந்தவர் மனுவைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "வருமானச் சான்று எங்கம்மா? அதை வாங்கிட்டு வந்து குடுங்க" என்று மனுவைத் திருப்பிக் கையில் திணித்துவிட்டார்.

அந்தச் சான்று வாங்கப் போன கதையைக் கேளுங்கள். இ-சேவை மையத்தில் இவர் பெயரில் முன்பே பதிவாகியிருந்த கைபேசி எண் கணவருடையது. ஓடிபி அவருக்குத்தான் போகும். மனைவி எதற்கோ சான்று எடுக்கிறாள் என்று வழக்குப் போடும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். எண்ணை மாற்ற வேண்டுமென்றால் விரல் ரேகை வை என்றார்கள். முந்திரித் தோட்டின் பால் பட்டுப் பட்டு அவர் விரல்களில் தோல் உரிந்து கறுத்திருக்கிறது. கருவியில் ரேகை விழவில்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், இடது கை என்று மாற்றி மாற்றி வைத்தார். முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். ஒருவழியாக அதைத் தாண்டினால், கிராம நிர்வாக அலுவலகத்தில் "புருஷன் வருமானத்தையும் சேர்த்துத்தாம்மா எழுதணும்" என்கிறார்கள். எந்த மனிதர் பைசா தருவதில்லை என்று வழக்குப் போடப் போகிறாரோ, அந்த மனிதரின் சம்பளத்தை இந்தப் பெண்ணின் கணக்கில் ஏற்றுவது என்ன நியாயம்?

இதில் கூலி போனது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு இருக்கிறது. ஜீவனாம்சத்தை மனு தாக்கல் செய்த நாளிலிருந்து கணக்கிட்டுத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்திருக்கிறது. நல்ல தீர்ப்பு. ஆனால் மனுவே நீதிமன்றத்துக்குப் போகாமல் சான்றுக்காக அலைந்த வாரங்களுக்கான பணம் அந்தப் பிள்ளைகளுக்கு வராது. போனது போனதுதான். மேஜையில் சொல்லும் "போயிட்டு அடுத்த வாரம் வாங்க" என்ற ஒரு வார்த்தைக்கு இவ்வளவு விலை இருக்கிறது.

உதவி கேட்கும் விண்ணப்பத்தின் மீது ஏழு நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று இலவச சட்ட உதவிக்கான 2010-ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அங்கிருப்பவரே எழுதி, கைநாட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் மனுவை வாங்கினால்தானே ஏழு நாள் தொடங்கும்? வாங்காமலே திருப்பி அனுப்பினால், இப்படி ஒருவர் வந்து போனதற்கு எந்தப் பதிவேட்டிலும் அடையாளம் இருக்காது.

சட்ட உதவி வழியாக வக்கீல் கிடைத்த பிறகும் கஷ்டம் தீரவில்லை. ஃபோன் போட்டால் எடுப்பதில்லை. வாய்தா தேதி என்னவென்று குமாஸ்தாவிடம் கேட்டால், டைப் செலவு, ஜெராக்ஸ் செலவு என்று ஆரம்பிக்கிறார். சட்ட உதவி வக்கீல் கட்சிக்காரரிடம் எந்தப் பணமும் வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த வக்கீல்களுக்குக் கொடுக்கும் கட்டணம் குறைவு, அதுவும் தாமதமாக வருகிறது என்கிறார்கள். அப்படியென்றால் அதை அரசு சரிசெய்யட்டும், முந்திரி உடைக்கிற கையிலிருந்து எடுக்க வேண்டாம். குற்ற வழக்குகளில் ஏழைகளுக்காக வாதாட முழுநேர வக்கீல்களை நியமிக்கும் முறை 2022-இல் வந்தது. ஜீவனாம்சம், குடும்ப வன்முறை வழக்குகளுக்கும் அதுபோல முழுநேர வக்கீல்கள் வேண்டும் என்பது என் கருத்து.

மாவட்ட முதன்மை நீதிபதிதான் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தலைவர். அவரிடம் இந்தக் கடிதத்தின் வழியாக ஒரு கோரிக்கை வைக்கிறேன். பெண்களுக்கு வருமானச் சான்று தேவையில்லை என்று கொட்டை எழுத்தில் தமிழில் எழுதி, கடலூரிலும் எல்லா வட்டங்களிலும் சட்ட உதவி அலுவலக வாசலில் மாட்டச் சொல்லுங்கள். 15100 என்ற உதவி எண்ணும் அதிலேயே இருக்கட்டும். வருகிற ஒவ்வொரு மனுவையும் அன்றே வாங்கி, தேதியும் முத்திரையும் போட்டு ரசீது தர உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்.